இஞ்சினுக்கு வைத்த பொட்டு

நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடும் என் வயதுக்காரர்களே, இது உங்களுக்குத்தான். சின்னவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். பாதியில் எழுந்து போகிறார்கள். போகாமல் இருப்பவர்களும் "அப்புறம் அது பறந்துச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். பறக்கவில்லை. பறக்காத ஒன்றைப் பற்றி உட்கார்ந்து கேட்கிற பொறுமை நம் ஆட்களுக்குத்தான் உண்டு.

இலங்கை மலைநாட்டில் தெமோதரைப் பக்கம் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பதுளைக்கு இன்னும் ரயில் வரவில்லை. எங்கள் மளிகைக் கடை பதுளைக் கடைவீதியில் இருந்தது. முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் கிணற்றடி. காலையில் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது பனி உள்ளே வந்து கருவாட்டு வாசனையோடும் புகையிலை வாசனையோடும் கலந்து நிற்கும். நமுனுகுல மலை பத்து மணிக்கு முன்னால் முக்காட்டை எடுக்காது.

எனக்கு அப்போது பத்து வயது. எனக்கும் ஓர் உத்தியோகம் இருந்தது. கடை திறக்கும் முன்னால் தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் அரிசி அளக்கிற படிக்கும் நிலைக்காலுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற வேலை. அம்மா சந்தனம் உரைத்துக் கிண்ணத்தில் தருவார். மோதிர விரலால் தொட்டு வட்டமாக வைத்து, அதன் நடுவில் குங்குமத்தைப் பதிப்பேன். ஒரு நாள் தராசின் ஒரு தட்டுக்கு மறந்துவிட்டேன். அன்றைக்கு வியாபாரம் மந்தமாக இருந்ததற்கு நான்தான் காரணம் என்று அப்பா சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கண்ணில் படுகிற எதையும் நான் விட்டு வைப்பதில்லை.

எனக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் மதிப்பில்லாத ஆள் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. இருபது வயது இருக்கும். கோணி தைப்பது, மூட்டை அடுக்குவது, எண்ணெய்த் தகரம் உடைப்பது அவர் வேலை. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நாலு மூலையும் அடைத்த தகரத்தில் வருமே, ஞாபகம் இருக்கிறதா? அதன் தலையில் ஆணியை வைத்து இந்த மூலையில் ஓர் அடி, அந்த மூலையில் ஓர் அடி. இரண்டு ஓட்டை. தினம் இரண்டு மூன்று தகரம் உடைப்பார்.

மற்ற நேரத்தில் அவரைத் தேடினால் மோட்டார் ஷெட்டில்தான் இருப்பார். கடைவீதி முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. பஸ்ஸும் லாரியும் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். சித்தப்பா அவற்றைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நிற்பார். சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கூட்டிவர என்னைத்தான் அனுப்புவார்கள்.

"அங்க என்னடா, பொங்கச் சோறு போடுறாங்களா?" என்று அப்பா கேட்பார்.

"வேல கத்துத் தர்றேன்னு சொல்றாங்கண்ணே."

"தராசு பிடிச்ச குடும்பத்துல பொறந்துட்டு கிரீஸ் பிடிக்கப் போறியா? ஊர்ல போய் நெலத்தப் பாரு. நீ இங்க ஒதவாக்கர."

அப்பா சும்மா மிரட்டவில்லை. இந்தியாவில் சொந்த ஊரில் இருந்த பெரியப்பாவுக்குக் கடிதமே எழுதிவிட்டார். தை பிறந்ததும் பண்டாரவளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, சித்தப்பா ஊருக்குப் போய்விட வேண்டும். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக எனக்குத் தெரியாது. சித்தப்பா போய்விட்டால் அந்த வீட்டில் நான் பேசுவதைக் கேட்க ஆளே இல்லை. அரிசி மூட்டை மேல் என்னை உட்கார வைத்து "ரைட், ரைட், பசறை போற வண்டி" என்று கத்துவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதை நினைத்து உப்பு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் பெட்டி வந்தது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெரியதுரைக்கு உதவியாக இருந்த சின்னதுரை சீமைக்கே திரும்பிப் போனார். பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அப்பா குளிக்கிற தொட்டி ஒன்றை எடுத்தார், பருப்பு ஊற வைக்கலாம் என்று. தொட்டியோடு ஒரு மரப் பெட்டியும் சேர்ந்து வந்தது. திறந்தால், செல்லரித்த பட்டுத் துணியும் மூங்கில் குச்சிகளுமாக ஒரு கூளம். அதற்கு அடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, ஒரு சிறு இரும்புச் சாமான். தேங்காய் அளவுகூட இல்லை. முன்னால் முழ நீளத்துக்கு மெருகு போட்ட ஒரு மரத் தகடு, இரண்டு பக்கமும் முறுக்கிய மாதிரி.

அப்பா ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "விசிறி. துரைமாரு ஈ வெரட்ட வச்சிருந்த விசிறி."

வெல்லத் தட்டுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கினார். அதை எப்படித் தானாகச் சுற்ற வைப்பது என்று யாருக்கும் தெரியாததால் அவரே விரலால் சுற்றுவார். இரண்டு சுற்றுச் சுற்றி நிற்கும். ஈ எழுந்து மறுபடியும் அதே வெல்லத்தில் உட்காரும். வருகிறவர்களிடமெல்லாம் "சீமை விசிறி" என்று பெருமையடித்துக்கொண்டார். நான் என் பங்குக்கு அதற்கும் பொட்டு வைத்தேன். எங்கே வைப்பது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. பின்பக்கத்தில் சுண்ணாம்பு டப்பி மாதிரி ஒரு பித்தளைத் தொட்டி, அதற்கு ஒரு திருகு மூடி, மூடியின் நட்டநடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. பொட்டு வைக்கத்தான் அடையாளம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, வெள்ளைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்து ஃபேக்டரி இஞ்சின் டிரைவர் சாமான் வாங்க வந்தார். மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, கோட்டுப் போட்டு, கையில் ஜெபமாலையோடு வருகிறவர். தேயிலை அரைக்கிற பெரிய இஞ்சினைப் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடும் முன்னால் தினமும் ஓட வைக்கிற மனிதர். அவர் விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. இது விசிறி இல்லீங்க."

"பின்ன?"

"ஆகாசக் கப்பலுக்கு வக்கிற இஞ்சின். சின்னதா செஞ்சு வெளையாடுவாங்க. எங்க சின்னதுரை ஆப்பீஸ் பின்னால வச்சு ஓட்டுவாரு. நாயெல்லாம் ஓடிப்போயிரும்."

ஆகாசக் கப்பலை அந்தக் கடைவீதியில் யாரும் பார்த்ததில்லை. அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் சொன்ன சொல்லை விடுகிற மனிதரா அவர்? "இஞ்சினா இருந்தா என்ன, காத்து வருதில்ல? காத்து வந்தா விசிறிதான்" என்றார்.

சித்தப்பா அங்கேதான் நின்றிருந்தார். தகரம் உடைக்கிற சுத்தியல் கையில் அப்படியே இருந்தது. அவர் முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை.

"அண்ணே, நான் இத ஓட வக்கிறேன்."

அம்மாவும் கதவுக்குப் பின்னாலிருந்து, "தம்பி ஆசையா கேக்குது, ஒரு வாட்டி பாக்கட்டுமே" என்றார். அப்பா வெற்றிலையை மென்று முடித்தார்.

"சரி. ஒரு கற்பூரம் ஏத்துவேன். அது எரிஞ்சு அணையிற வரைக்கும் இது நிக்காம ஓடணும். போகிக்குள்ள ஓட்டிக் காட்டுனா ஷெட்டுக்குப் போ, நான் ஒண்ணும் சொல்லல. இல்லேன்னா பேசாம கப்பல் ஏறு."

அப்போது ஐப்பசி மாதம். மழை பிடித்துக்கொண்டது. கிணற்றடிச் சாய்ப்புக் கூரைக்குக் கீழே ஒரு பலகையில் இஞ்சினைத் திருகாணியால் இறுக்கி வைத்துக்கொண்டு சித்தப்பா உட்கார்ந்தார். பக்கத்தில் நான். முதல் மாதம் அது இருமக்கூட இல்லை. ஷெட்டிலிருந்து பழைய பாட்டரி வாங்கி வந்தார். கம்பியைத் தொட்டுப் பார்த்து நான் ஒரு முழம் எகிறி விழுந்தேன். "பொறி வருது பாப்பா, நல்ல சகுனம்" என்றார் சித்தப்பா. எனக்கு முழங்கை வரை விறுவிறுத்தது, அவருக்குச் சகுனமாம்.

மரத் தகட்டை விரலால் தட்டிச் சுற்ற வேண்டும். தட்டியதும் கையை இழுத்துவிட வேண்டும். இழுக்காவிட்டால் அது திருப்பி அடிக்கும். சித்தப்பாவின் ஆள்காட்டி விரல் வீங்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு, பிறகு நடுவிரல் வீங்கி, கடைசியில் அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிடவே சிரமப்பட்டார். அம்மா உருட்டிக் கொடுத்தார். "கப்பல்ல போற வரைக்கும் கையாவது மிஞ்சுமா?" என்று அப்பா உள்ளிருந்து கேட்டார்.

ஃபேக்டரி டிரைவர் அடுத்த முறை வந்தபோது ரகசியத்தைச் சொல்லிப்போனார். பெட்ரோலை மட்டும் ஊற்றினால் போதாது, அதில் விளக்கெண்ணெய் கலக்க வேண்டும். இரும்புக்குள் வழுக்கலுக்கு அதுதான். சின்னதுரை அதைச் சீசாவில் வைத்துக் குலுக்குவதை அவர் பார்த்திருக்கிறார். விளக்கெண்ணெய்க்கு எங்கள் கடையில் என்ன பஞ்சம்? மாதம் ஒரு தடவை என் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களே, அதே எண்ணெய். என்னைப் போலவே இஞ்சினுக்கும் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதன் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது.

ஒரு மழை விட்ட காலையில் அது பிடித்துக்கொண்டது. படீரென்று ஒரு வெடி, அப்புறம் காதைத் துளைக்கிற ஒரு ரீங்காரம். கிணற்றடிக் கோழிகள் கூரை ஏறின. அம்மாவின் புடவை கொடியிலிருந்து பறந்து கிணற்றுக் கயிற்றில் மாட்டிக்கொண்டது. நீலப் புகை. பொரிகிற விளக்கெண்ணெய் வாசனை. இன்றைக்கும் எங்கேயாவது விளக்கெண்ணெய் காய்ந்தால் எனக்கு வயிற்றைக் கலக்காது, சந்தோஷம்தான் வரும். நான் கை தட்டிக்கொண்டு எண்ணினேன். பதினெட்டு எண்ணியதும் ரீங்காரம் இறங்கி, இரண்டு முறை விக்கி, நின்றுவிட்டது.

மறுபடியும் சுற்றினார். ஓடியது. பதினெட்டு. மறுநாள் இருபது. அதற்கு மறுநாள் பதினேழு. கற்பூரம் அணைய எத்தனை எண்ண வேண்டும் என்று நான் சாமி அறையில் எண்ணிப் பார்த்திருந்தேன். சின்ன வில்லைக்கே நூற்றைம்பது.

இனிமேல்தான் வேடிக்கை. வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்றார் அப்பா. உப்புக்கு மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று தெரிந்த வியாபாரி அவர். கண் பட்டுவிட்டது என்றார் அம்மா. எதிர்க் கடைக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். ஏழு மிளகாயும் உப்பும் எடுத்து இஞ்சினுக்கு மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் கமறியதில் வீடே தும்மியது, ஆகவே கண்திருஷ்டி இல்லை என்று ஆகிவிட்டது. குழாயில் அழுக்கு இருக்கும் என்றார் ஃபேக்டரி டிரைவர். சித்தப்பா குழாயைக் கழற்றி ஊதினார், வாயில் பெட்ரோல் போய் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. குழாய் சுத்தமாகத்தான் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பொட்டைப் பெரிதாக்கினேன். தினம் காலையில் தராசுக்கு வைப்பதற்கும் முன்னால் இஞ்சினுக்குத்தான். கெட்டியான சந்தனமாகப் பார்த்து எடுத்து, அந்தப் புள்ளியின் மேலேயே அழுத்தி, "சாமி, சித்தப்பா கப்பல் ஏறக்கூடாது" என்று வேண்டிக்கொண்டு வைப்பேன். அது ஓடாத நாளுக்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் பெரிதாக.

மார்கழி நடுவில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் பார்த்தேயிராத தூரத்துப் பங்காளி ஒருவர் தவறிவிட்டாராம். மூன்று நாள் தீட்டு. விளக்கு இல்லை, பூசை இல்லை, பொட்டு இல்லை. அம்மா ஈரத் துணியை என் கையில் கொடுத்து எல்லாவற்றிலும் சந்தனத்தை அழுந்தத் துடைக்கச் சொன்னார். தராசு, கல்லாப்பெட்டி, நிலைக்கால், கடைசியில் இஞ்சின். பெற்ற பிள்ளையின் பொட்டை அழிக்கிற மாதிரி எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

கடைப் பலகைகள் பாதி சாத்தியிருந்தன. சித்தப்பாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பின்னால் போய் இஞ்சினைச் சுற்றினார். பிடித்தது. பதினெட்டு. இருபது. முப்பது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நூறு. இருநூறு. முந்நூறுக்குப் பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது. தொட்டியில் பெட்ரோல் தீர்ந்துதான் அது நின்றது. துக்க வீட்டில் சத்தம் போட்டதற்குத் திட்ட வந்த அப்பா கதவருகே வாயைத் திறந்தபடி நின்றார்.

"தீட்டுல ஓட்டுனதெல்லாம் கணக்குல சேராது" என்று மட்டும் சொன்னார்.

செத்துப்போன பங்காளி நல்ல ஆத்மா என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். போகிற வழியில் எங்கள் வீட்டு இஞ்சினை ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறாராம். முகம் தெரியாத அந்த மனிதருக்காக அம்மா உண்மையாகவே இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டார்.

நாலாம் நாள் வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, விளக்கேற்றினோம். மூன்று நாள் பாக்கியையும் சேர்த்து நான் இஞ்சினுக்கு ஒரு பெரிய பொட்டாக வைத்தேன். சித்தப்பா சிரித்துக்கொண்டே சுற்றினார். பதினெட்டில் நின்றது.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. போகிக்கு எட்டு நாள்தான் இருந்தது. அப்பா அவருக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கி வைத்துவிட்டார். இரண்டு வேட்டி, ஒரு சால்வை எல்லாம் உள்ளே போய்விட்டன.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, சித்தப்பா கடைக்குள் எண்ணெய்த் தகரம் உடைத்துக்கொண்டிருந்தார். அவரை எப்படியாவது பேச வைக்க வேண்டும் என்று நான் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சித்தப்பா, எண்ணெய் ஊத்த ஒரு ஓட்ட போதாதா? எதுக்கு ரெண்டு போடுறீங்க?"

"ஒண்ணு எண்ணெய் வெளிய வர்றதுக்கு. ஒண்ணு காத்து உள்ள போறதுக்கு. காத்து உள்ள போகலேன்னா எண்ணெய் குளுக் குளுக்குன்னு விக்கிக்கிட்டு..."

அவ்வளவில் நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அழுகை வந்திருக்கும், முகம் கழுவப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் கடையில் கோணி ஊசியைக் காணோம். அப்பா தேடினார், அம்மா தேடினார். கடைசியில் பழி என் தலையில் விழுந்தது. பொம்மைக்குப் பாவாடை தைக்க எடுத்தாயா என்று கேட்டு அப்பா நடு உச்சியில் ஒரு குட்டு வைத்தார். எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அதற்கு இன்னொரு குட்டு.

மறுநாள் மத்தியானம் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. குளுக் குளுக்கென்று விக்கிக்கொண்டு. இஞ்சினும் நிற்கும் முன்னால் அப்படித்தானே இரண்டு முறை விக்குகிறது? அந்தத் தொட்டிக்கும் காற்றுப் போக வேண்டுமே? கீழே குழாய், பெட்ரோல் இறங்க. மேலே மூடியின் நடுவில் அந்தப் புள்ளி. அது புள்ளி இல்லை, ஓட்டை. பொட்டு இல்லாத நாளில்தான் அது ஓடியது. கை அப்படியே நின்றுவிட்டது. ரசம் முழங்கை வழியாக வழிந்தது.

உடனே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். பத்து வயதில் நீங்கள் சொல்லியிருப்பீர்களோ? வீங்கிய விரல், பெட்ரோல் குடித்த வாய், வாங்கி வைத்த தகரப் பெட்டி, இத்தனைக்கும் நான்தான் காரணம் என்று எந்த வாயால் சொல்வது? சித்தப்பாவுக்கு என் மேல் வெறுப்பு வந்துவிடுமே என்று பயந்தேன். யாருக்கும் தெரியாமல் பழைய பொட்டைத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு இஞ்சினுக்குப் பொட்டே வைக்காமல் விட்டேன். மிச்சமிருந்த நாட்களில் சித்தப்பா ஏனோ இஞ்சினைத் தொடவே இல்லை. மனசு விட்டுப்போயிற்று என்று அம்மா சொன்னார்.

போகியன்று காலையில் எல்லோரும் கிணற்றடியில் கூடினார்கள். ஃபேக்டரி டிரைவர் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். வேலிக்கு மேலே எதிர்க் கடைக்காரர் தலை தெரிந்தது. பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் கற்பூரத் தட்டைத் தள்ளி, துவைக்கிற கல்லின் மேல் வைத்தார்கள். அப்பா டப்பாவைத் திறந்து துழாவி, இருப்பதிலேயே பெரிய கட்டியாக எடுத்தார். அம்மா, "என்னங்க இது, தேருக்கு ஏத்துற கட்டி" என்றார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சித்தப்பா தகட்டில் கை வைத்தார். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இரு. பொட்டு வக்காம ஆரம்பிக்கிறதா? பாப்பா, சந்தனத்தக் கொண்டா."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எப்படி வந்தேன் என்று தெரியாது. இஞ்சின் முன்னால் நின்றேன். சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வை பாப்பா. நல்லா பெருசா வை."

கண்ணை மறைத்த தண்ணீரோடு விரலை மூடியின் மேல் கொண்டுபோனேன். ஓர் எள்ளளவு தள்ளி, ஓட்டையை விட்டு, ஓரமாக வைத்தேன். வைத்துவிட்டு அம்மாவின் முந்தானைக்குள் போய் நின்றுகொண்டேன்.

அப்பா கற்பூரத்தை ஏற்றினார். சித்தப்பா தட்டினார். ஒரே தட்டில் பிடித்தது. கோழிகள் கூரையேறின. நான் எண்ணினேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு. அம்மா என் தோளை நசுக்கினார். பத்தொன்பது. இருபது. ஐம்பது. கற்பூரம் நிதானமாக எரிந்தது. நூறு. நூற்றைம்பதில் அது பாதிகூட ஆகவில்லை. ஃபேக்டரி டிரைவர் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். அம்மா முருகனைக் கூப்பிட்டார். முந்நூற்றுப் பதினொன்றில் சுடர் நீலமாகச் சுருங்கி, தட்டில் கொஞ்சம் கரியை விட்டுவிட்டு அணைந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சித்தப்பா அதை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கேட்க ஆசைப்பட்டாரோ என்னவோ. எதிர்க் கடைக்காரர்தான் முதலில் கை தட்டினார்.

அப்பா தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "விசிறிய எடுத்துட்டுப் போய் வெல்லத்துக்குப் பக்கத்துல வை. ஈ போகுதான்னு பாப்போம்" என்றார். வைத்து ஓட்டினார்கள். ஈ போயிற்று. கூடவே பக்கத்து மூட்டையிலிருந்த அரிசி மாவும், அதற்கு அடுத்த மிளகாய்த் தூளும் எழுந்து போயின. புகை மாதிரி மாவு அடங்கியபோது அப்பா தலை முதல் கால் வரை வெள்ளைக்காரராக நின்றிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. தும்மல்களுக்கு நடுவே அவர் சொன்னது இதுதான்:

"ஷெட்டுக்கே போய்த் தொலடா. இதையும் எடுத்துக்கிட்டுப் போ."

சித்தப்பா போனார். வேலை கற்று, பஸ் ஓட்டி, பிறகு சொந்தமாகவே ஒரு பஸ் வாங்கி, கொஸ்லந்த வரை நாற்பது வருஷம் ஓட்டினார். உங்களில் எத்தனை பேர் அதில் டிக்கெட் எடுக்காமல் போயிருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை அந்த பஸ்ஸில்தான் ஏற்றி வந்தார். இஞ்சினைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டார், மறுபடி ஓட்டவில்லை. யாராவது கேட்டால், "அது பண்ண வேண்டியதப் பண்ணிருச்சு" என்பார்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. நானே கெடுத்தேன், நானே சரியும் பண்ணினேன். ஓர் எள்ளளவு விரலைத் தள்ளி ஒரு மனிதனைக் கப்பலிலிருந்து இறக்கியவள் நான். சித்தப்பா என்னைக் கேலி செய்யும்போதெல்லாம், "பேசுங்க பேசுங்க, நான் மட்டும் இல்லேன்னா இந்நேரம் ஊர்ல வரப்பு வெட்டிக்கிட்டு இருப்பீங்க" என்று நினைத்துக்கொள்வேன். அவர் போன வருஷம் காலமாகும் வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாதம் அவருடைய மகன் பெட்டியைக் கொண்டுவந்து தந்தான். என்னிடம் தரச் சொல்லி அவன் அப்பா எழுதி வைத்திருந்தாராம். மூடியைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசனை அடித்தது. இஞ்சின் எண்ணெய்க் காகிதத்தில் அப்படியே இருந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தொட்டி மூடியில் நான் போகியன்று வைத்த பொட்டு காய்ந்து கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் துடைக்கவே இல்லை. அந்தப் பொட்டு ஓரத்தில் இல்லை. நட்டநடுவில், ஓட்டையின் மேலேயே, கல் மாதிரி அடைத்துக்கொண்டு இருந்தது. அன்றைக்குக் கண்ணீர் மறைத்ததில் நான் விரலை எள்ளளவுகூடத் தள்ளவில்லை.

அப்படியானால் அன்றைக்கு அது எப்படி ஓடியது? வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடிக்குப் பின்னால், தொட்டியின் தோளில், யார் கண்ணிலும் படாத இடத்தில் இன்னொரு ஓட்டை இருந்தது. சீமையில் போட்டது இல்லை. ஆணி அடித்த மாதிரி ஓரம் உள்ளே மடிந்திருந்தது. பெட்டியின் அடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால், முனை மழுங்கிய கோணி ஊசி.

தினம் தகரத்துக்கு இரண்டு ஓட்டை போட்ட மனிதர். பாதிப் பேச்சில் எழுந்து போனது முகம் கழுவ இல்லை. பொட்டுத்தான் காரணம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது அவருக்கு. பொட்டு வைக்காதே என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நான் வைப்பது வைத்தபடி இருக்கட்டும் என்று இன்னொரு ஓட்டையைப் போட்டுவிட்டு, "நல்லா பெருசா வை" என்றும் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷமும் என் கர்வத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த ஊசிக்காக நான் வாங்கிய இரண்டு குட்டுகளைப் பற்றியாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கள்ள மனுஷன். நான் அழுதேன், நடுவில் சிரிப்பும் வந்தது.

பிறகு எழுந்து போய்ச் சந்தனக் கட்டையைத் தேடி எடுத்து, கெட்டியாக உரைத்தேன். பழைய பொட்டின் மேலேயே, மூடியின் நட்டநடுவில், நன்றாகப் பெரிதாக வைத்தேன்.